தும்பியும் காக்காவும்

இரண்டு டிரோன்களையும் வாங்கிவிடலாம் என்ற பேச்சே அவர்களுக்குள் எழவில்லை. ஒன்றுதான். அது எது என்பதில்தான் ரமாபாய்க்கும் அனிஷாவுக்கும் ஒத்துவரவில்லை.

இருவரும் காலடிப்பேட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றை நடத்தி வந்தார்கள். ஸ்டுடியோ என்றால் அனிஷாவின் அப்பா அய்யாத்துரையுடைய மளிகை மொத்தக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. கீழே மிளகாய் மூட்டை வந்து இறங்கினால் மேலே எடிட்டிங் செய்கிறவர்களும் சேர்ந்து தும்ம வேண்டும். ரமாபாய் வியாசர்பாடிக்காரி. முப்பத்தைந்து வயது. படிப்பு முடிந்த கையோடு ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கப் போனவள், சீக்கிரமே கேமராவைக் கையில் வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து கல்யாணக் கூட்டத்தில் இடித்துப் புகுந்து, தாலி கட்டும் நொடியைத் தவறவிடாமல் எடுப்பதில் அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. அனிஷா அவளைவிட ஏழெட்டு வயது இளையவள். பூர்விகம் தூத்துக்குடிப் பக்கம் என்றாலும் பிறந்து வளர்ந்தது எல்லாம் திருவொற்றியூர். எடிட்டிங் அவள் வேலை. டிரோன் ஓட்டுவதற்கு முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வைத்திருந்தாள்.

அதுவரை டிரோன் தேவைப்பட்டால் ராயபுரத்தில் கேமரா வாடகைக்கு விடும் தாவூதிடம் வாங்கிக்கொள்வார்கள். முகூர்த்த நாளில் எல்லோருக்கும் டிரோன் வேண்டும். தை மாதத்தில் இரண்டு முறை தாவூது கையை விரித்த பிறகு, சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

எதை வாங்கலாம் என்று கேட்கப் போனபோது தாவூது இரண்டு பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ரெண்டும் ரெண்டு கம்பெனி. இவன் ஒண்ணு வுட்டா அடுத்த மாசமே அவன் போட்டிக்கு ஒண்ணு வுடறான். நான் எத்த சொன்னாலும், இன்னா பாய், கமிஷனான்னு கேப்பீங்கோ. ரெண்டத்தையும் எடுத்துகினு போய் நீங்களே பறக்க வுட்டுப் பாருங்கோ. மாசிக் கடைசில திருப்பிக் குடுத்தா போதும்."

ஒன்று வெள்ளை. மடக்கினால் உள்ளங்கையில் அடங்கிவிடும். கால் கிலோகூட இல்லை. இன்னொன்று அடர்ந்த சாம்பல் நிறம். எடையும் அதிகம், கேமராவும் பெரிது. வண்டியில் திரும்பி வரும்போதே ரமாபாய் இரண்டுக்கும் பேர் வைத்துவிட்டாள். வெள்ளை தும்பி, சாம்பல் காக்கா.

அனிஷாவுக்குத் தும்பியைப் பிடித்திருந்தது. சத்தம் குறைவு. ஐயர் மந்திரம் சொல்லும்போதோ, சர்ச்சில் ஜெபம் நடக்கும்போதோ தலைக்கு மேலே ரீங்காரம் போட்டால் பெரியவர்கள் முறைப்பார்கள். ரமாபாய்க்குக் காக்காமேல் கண். பெரிய கேமராவில் எடுத்த படம் பெரிய திரையில் போட்டாலும் பிசிறு தட்டாது என்பது அவள் வாதம்.

"ஆராவது சொல்றத கேட்டுகினு வாங்கக் கூடாதுமே. மூணு டெஸ்ட் வைப்போம். காத்துல நிக்குதா, மூஞ்சிய ஒழுங்கா எடுக்குதா, ஆளு நடந்தா கரெக்டா பின்னாலயே வருதா. எது ஜெயிக்குதோ அத்த வாங்கிக்கலாம்" என்றாள் ரமாபாய்.

"சரிக்கா. ஆனா மூணுலயும் ஒண்ணே ஜெயிக்கும்னு இல்லியே" என்றாள் அனிஷா.

துறைமுகத்தை ஒட்டிய இடம் எல்லாம் டிரோன் அனுமதி வரைபடத்தில் சிவப்பாக இருந்தது. அங்கே பறக்க விடக்கூடாது. அனுமதி உள்ள இடமாகப் பார்த்து, எண்ணூர் போகும் வழியில் ஆள் நடமாட்டம் குறைந்த மணல்வெளி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். பகல் சாய்ந்து கடல்காற்று ஏறியிருந்த நேரம். அலைக்குத் தடுப்பாகப் பாறைகளை நீளக் கொட்டியிருந்தார்கள். வடக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. துறைமுகத்துக்குள் போக முறை வராத கப்பல்கள் தூரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

முதலில் தும்பியை ஏற்றினார்கள். தென்னை உயரம் போவதற்குள் அது தடுமாற ஆரம்பித்தது. ரிமோட்டின் திரையில் காற்று அதிகம் என்று மஞ்சள் எச்சரிக்கை வந்தது. நேராக நிற்பதற்கு அது படும் பாடு கீழிருந்தே தெரிந்தது. ஆனால் படம் ஆச்சரியமாக ஆடாமல் இருந்தது. பேட்டரிதான் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போனது.

காக்கா ஏறியபோது மணலை வாரி இறைத்தது. மேலே போய் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. அதன் சத்தத்தில் பாறைமேல் உட்கார்ந்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

"ஒண்ணு எனக்கு" என்றாள் ரமாபாய்.

"காத்துல உங்களுக்கு. சத்தத்துல எனக்கு" என்றாள் அனிஷா.

அடுத்தது முகம். அந்த மணலில் பூவம்மா என்கிற அம்மாள் வலை விரித்துக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். நல்ல கறுப்பு, வெயிலில் எண்ணெய் தடவியதுபோல மின்னும் முகம். ரமாபாய் போய்ப் பேசினதும் மறுக்காமல் வந்து நின்றாள். காக்கைகளை விரட்ட வைத்திருந்த கம்பை மட்டும் கீழே போடவில்லை. இரண்டு டிரோன்களிலும் ஒரே உயரத்திலிருந்து, ஒரே பக்கத்திலிருந்து அவளை எடுத்து, அங்கேயே போனில் காட்டினார்கள்.

தும்பி எடுத்த படத்தில் கடல் நீலமாக இருந்தது. வானம் அதைவிட நீலம். பூவம்மாவின் முகம் மாநிறத்துக்கு வந்து, சுருக்கமெல்லாம் வழுவழுவென்று ஆகியிருந்தது.

"இது ஆரு, எம்மவளா?" என்று பூவம்மா கேட்டாள்.

காக்கா எடுத்த படத்தைக் காட்டியபோது போனைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தாள். கடல் அங்கே இருக்கிற நிறத்திலேயே இருந்தது, சாம்பல் கரைத்த மாதிரி. நெற்றியின் வியர்வை, மூக்குத்தியின் சிவப்புக்கல், புருவத்தில் ஒட்டியிருந்த மீன் செதில் எல்லாம் தெரிந்தன.

"இது நான்தான். முந்தின படத்த வேண்ணா எம்மவளுக்கு அனுப்பு. ஆசைப்படுவா" என்று சிரித்துவிட்டுக் கருவாட்டைப் புரட்டப் போனாள்.

ரமாபாய்க்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. அவள் எடுக்கும் கல்யாணங்களில் பாதிக்கு மேல் வியாசர்பாடி, புளியந்தோப்பு வீட்டுக் கல்யாணங்கள். மணப்பெண்ணை வெளுக்க வைத்துத் தருகிற வேலையை அவள் ஒருநாளும் செய்ததில்லை. வேலை பழகிய காலத்தில் ஒரு முதலாளி, "உங்க ஜனத்துக்கு லைட்டு ரெண்டு மடங்கு வெக்கணும்" என்று சொன்னதை இன்றுவரை அவள் மறக்கவில்லை. கறுப்பு முகத்துக்கு வெளிச்சம் எப்படி வைக்க வேண்டும் என்று தானாகவே கற்றுக்கொண்டாள்.

"ரெண்டு எனக்கு" என்றாள். அனிஷா இந்த முறை ஒத்துக்கொண்டாள்.

மூன்றாவது, பின்தொடர்வது. திரையில் ஆளைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட்டால் அவர் போகும் இடமெல்லாம் டிரோன் தானாகப் பின்னாலேயே வரும். மணப்பெண் நடந்துவரும் காட்சிக்கு இதுதான் எல்லோரும் கேட்பது. ரமாபாய் சிவப்புத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஈர மணலில் மணப்பெண் மாதிரி மெதுவாக நடந்தாள். அனிஷா முதலில் தும்பியையும், அது இறங்கியதும் காக்காவையும் பின்னால் அனுப்பினாள். பிறகு நேர் மேலே நிறுத்திக் கீழ்நோக்கியும் எடுத்தாள்.

தும்பியின் படத்தைப் போனில் பார்த்ததும் ரமாபாய் சிரித்தாள்.

"பாத்தியா, உன் தும்பி சாஞ்சிகினு எடுக்குது. நான் இன்னாத்துக்கு ஒரு பக்கமா ஆடிகினு போறேன்? கிம்பல் போச்சு. மூணும் எனக்குத்தான்."

கேமராவை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் பாகத்துக்குக் கிம்பல் என்று பெயர். அது கெட்டால் படம் கோணும். புதுப் பெட்டியைப் பிரித்து எடுத்த டிரோனில் அது எப்படிக் கெடும் என்று அனிஷாவுக்கு எரிச்சலாக இருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டதால் அன்றைக்கு அத்தோடு கிளம்பினார்கள்.

மறுநாள் காலையில் ரமாபாய் வருவதற்கு முன்பே அனிஷா ஸ்டுடியோவைத் திறந்து, படங்களைப் பெரிய திரையில் போட்டாள். தும்பி கோணவில்லை என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் நோக்கம். கடலும் வானமும் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டாள். கடல் அந்தக் கோட்டிலிருந்து இம்மியும் விலகவில்லை. கிம்பலில் குறையே இல்லை. ஆனால் கோட்டுக்குக் கீழே ரமாபாய் ஒவ்வொரு அடிக்கும் வலது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தாள்.

காக்காவின் படத்தைத் திறந்தாள். வேறு கம்பெனி, வேறு லென்ஸ். அதிலும் அதே சாய்வு.

அடுத்து நேர் மேலேயிருந்து எடுத்ததைப் போட்டாள். ஈர மணலில் ரமாபாய் நடந்துவந்த தடம் நீளமாகக் கிடந்தது. வலது பக்கம் காலடிகள் தனித்தனியாகப் பதிந்திருந்தன. இடது பக்கம் அப்படி இல்லை. ஒவ்வொரு காலடிக்கும் முன்னால் விரல் இழுத்த கோடு இருந்தது, குச்சியால் கீறியதுபோல. கடைசிப் பக்கம் வர வர அந்தக் கோடு நீண்டுகொண்டே வந்து அடுத்த காலடியையே தொட்டது.

அனிஷா படத்தை நிறுத்தினாள். பழைய படம் எதிலாவது ரமாபாய் நடப்பது இருக்கிறதா என்று வன்தட்டுகளில் தேடினாள். நூற்றுக்கணக்கான கல்யாணங்கள் இருந்தன. மணமக்கள், சித்தப்பாக்கள், சீர்வரிசைத் தட்டோடு வரும் பெண்கள், எல்லோரும் நடந்தார்கள். எடுத்தவள் மட்டும் எதிலும் இல்லை.

ரமாபாய் வந்தபோது படிக்கட்டில் அவள் காலடிச் சத்தத்தை அனிஷா முதல் முறையாகக் கவனித்துக் கேட்டாள். ஒரு கால் பதிந்தது. இன்னொரு கால் படியின் விளிம்பில் தட்டிவிட்டுப் பிறகு பதிந்தது. இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியவில்லை.

"அக்கா, பின்தொடர்ற டெஸ்ட்ட இன்னொரு வாட்டி செஞ்சு பாப்போமா?"

"ஏன், தோத்துட்டேன்னு ஒத்துக்க மனசு வர்லியா?"

"ஆமான்னு வெச்சிக்கோங்க."

மறுபடியும் அதே மணலுக்குப் போனார்கள். ரமாபாய் நடந்தாள். அனிஷா இந்த முறை முழு உருவத்தை எடுக்காமல் காலை மட்டும் பின்தொடர வைத்தாள். மூன்றாவது தடவை நடந்து முடித்துத் திரும்பிய ரமாபாய், திரையை எட்டிப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னா எடுக்கற நீ?"

அனிஷா பதில் சொல்வதற்குள் அவளே ரிமோட்டை வாங்கிப் படத்தைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். தன் குதிகால், தன் விரல், மணலில் அந்தக் கோடு.

"இடது காலு சரியில்லக்கா. நேத்து ரெண்டுலயும் அப்படித்தான் இருந்துச்சு. நான்..."

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"காலைலதான் பெரிய ஸ்கிரீன்ல பாத்தேன்."

"பாத்துட்டு, டெஸ்ட்டுன்னு சொல்லி என்னை இட்டுகினு வந்து நோட்டம் வுட்டிருக்க." ரமாபாய் குரலை உயர்த்தவில்லை. "இடுப்பு வலி ஒரு வருஷமா கீது. கேமரா தூக்கற எல்லார்க்கும் இருக்கறதுதான். அதுக்காக என்னால முடியாதுன்னு முடிவு கட்டிட்டியா?"

"முடியாதுன்னு நான் சொன்னேனாக்கா?"

"சொல்ல வேணாம். நீ இனிமே என்னை அப்படித்தான் பாப்ப."

மறுநாள் ரமாபாய் ஸ்டுடியோவுக்கு வரவில்லை.

ரமாபாயின் கணவன் நிலவன், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுநர். போனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாத வேலை. அன்று மதியம் சாப்பிட வந்தவன், வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து என்னவென்று கேட்டான். அவள் போனை அவனிடம் கொடுத்தாள். அனிஷா ஒரு வார்த்தையும் எழுதாமல், இரண்டு டிரோன்களின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து அனுப்பியிருந்தாள்.

நிலவன் இரண்டு தடவை பார்த்தான்.

"செருப்பு அவுந்துடுது, செருப்பு அவுந்துடுதுன்னு போன மாசம் புது செருப்பு வாங்கினியே ரமா."

"அது செருப்பு சரியில்ல."

"புதுசும் அவுந்துதா?"

அவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனான். அடுப்பங்கரையில் நின்றபடியே, "அந்தப் பொண்ணு உன்கிட்ட சொல்ல முடியாம எவ்ளோ பேஜாராயிருக்கும்" என்றான்.

அவன் போன பிறகு ரமாபாய் படத்தை மறுபடி ஓட்டினாள். இப்போது தன் காலைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தாள், வேலைக்காரியாக. கடல்கோடு நேராக இருக்கிறதா? இருக்கிறது. வேகம் கூட்டிக் குறைத்திருக்கிறதா? இல்லை. லென்ஸ் ஓரத்தில் வளைவு விழுந்திருக்கிறதா? விழவில்லை. கடலின் நிறத்திலும் முகத்தின் நிறத்திலும் ஒத்துப்போகாத இரண்டு கேமராக்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே மாதிரி சொல்லியிருந்தன. ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் கிம்பல் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். சொல்லவும் செய்தாள்.

கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் வைத்தாள். குதிகால் அசையாமல் விரல்களை மேலே தூக்கினாள். வலது பாதம் எழுந்தது. இடது பாதம் கொஞ்சம் எழுந்து, தூங்கும் குழந்தையின் கை நழுவுவதுபோலத் தரையில் விழுந்தது. மறுபடி தூக்கினாள். அதே மாதிரி விழுந்தது. தூக்கு என்று தான் சொல்வது பாதிவழியில் எங்கேயோ நின்றுவிடுவதுபோல இருந்தது.

அவள் பயந்தது அப்போதுதான். ஜன்னலுக்கு வெளியே யாரோ குடத்தை உருட்டினார்கள்; பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அசையாமல் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து அனிஷாவைக் கூப்பிட்டாள்.

"காலைல வண்டிய எடுத்துகினு வா. ஸ்டான்லிக்குப் போவணும்."

"இப்பவே வரட்டுமாக்கா?"

"காலைல வந்தா போதும்." போனை வைக்கும் முன், "அந்தப் படத்தையும் கொண்டா" என்றாள்.

அடுத்த நாள் மருத்துவமனையில் நீண்ட வரிசை. நிலவனும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். முறை வந்ததும், நடுத்தர வயதுப் பெண் மருத்துவர் ஒருவர் ரமாபாயைக் குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது காலில் முடிந்தது. இடது காலில் முடியவில்லை. அனிஷா தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள்.

மருத்துவர் மேலேயிருந்து எடுத்த படத்தைக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பார்த்தார். "இத யாரு எடுத்தது?"

"டிரோன் மேடம். எந்தக் கம்பெனி வாங்கலாம்னு பாத்துகினு இருந்தோம்" என்றாள் ரமாபாய்.

ஸ்கேன் எடுத்த பிறகு விஷயம் தெளிவானது. முதுகெலும்பின் அடிப்பகுதியில், எலும்புகளுக்கு நடுவே இருக்கிற டிஸ்க் ஒன்று பிதுங்கி, பாதத்தைத் தூக்கும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"வலின்னா எல்லாரும் வருவாங்க. கால் மெதுமெதுவா பலம் குறையறது அவங்களுக்கே தெரியாது. உடம்பு அதுக்கு ஏத்தமாதிரி சாஞ்சு நடக்கப் பழகிடும்" என்றார் மருத்துவர். "ஆபரேஷன் பண்ணிடலாம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா பண்ணியும் பிரயோஜனம் இருந்திருக்காது."

"திரும்ப நடப்பேனா மேடம்? அதாவது, ஒழுங்கா?"

"பெரும்பாலும் வந்துடும். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா தோள்ல வெயிட் தூக்கற வேலை இனிமே வேண்டாம்."

வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்ததும் ரமாபாய் அழுதாள். ஆபரேஷனுக்காக இல்லை. நிலவன் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். அனிஷா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று போய், வெகுநேரம் கழித்து வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குள் மாசி முடிந்து, தாவூதிடம் டிரோன்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளும் தாண்டிவிட்டது. அனிஷா தகவல் சொன்னபோது அவர், "அவசரமில்ல, ரமாக்கா மொதல்ல எயுந்து உக்காரட்டும்" என்றார். ஒரு நாள் மாலை ஆரஞ்சுப் பழத்தோடு அவரே பார்க்க வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அனிஷா இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக்கு வந்தாள்.

"காக்காவையே வாங்கிடலாம்க்கா. நீங்க சொன்னதுதான் சரி. மூஞ்சி அதுலதான் ஒழுங்கா வருது."

ரமாபாய் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "இனிமே யாரு அத்த ஓட்டப்போறது?"

"நான்தான், எப்பவும்போல."

"நீ டிரோன் ஓட்டினா கூட்டத்துல பூந்து யாரு எடுப்பா? கேமராவ நான் இனிமே தூக்கக் கூடாதே."

அனிஷா இதை யோசிக்காமல் இல்லை. வேறு யாரையாவது வேலைக்கு வைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். அதைச் சொல்லும் துணிச்சல்தான் வரவில்லை.

"கைக் கேமராவ நீ எடு" என்றாள் ரமாபாய். "எனக்கு அந்த வெள்ளப் பெட்டிய குடு."

தும்பியை விரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எடையே தெரியவில்லை. கையிலிருந்தே ஏற்றலாம், கையிலேயே இறக்கலாம் என்று அனிஷா சொன்னாள். காக்கா அப்படி இல்லை. தரையில் குனிந்து வைத்து, குனிந்து எடுக்க வேண்டும்.

"குனியாத வேல. சின்னதா இருக்கறதால எனக்கு லைசென்ஸு கேக்க மாட்டான். அப்பால இன்னா?"

"கலரு?"

"அத்த பாக்கலாம், ரிமோட்ட எடு."

அன்று பிற்பகல் முழுக்க இருவரும் அதன் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாக நோண்டினார்கள். தானாக நிறம் கூட்டுவதை அணைத்தார்கள். முகத்தை வழுவழுப்பாக்குவது இன்னொரு இடத்தில் ஒளிந்திருந்தது, அதையும் அணைத்தார்கள். வெளிச்சத்தைத் தானே முடிவுசெய்ய விடாமல் கையால் வைத்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ரமாபாயின் முகத்தையே எடுத்துப் பார்த்தார்கள். காக்கா அளவுக்கு இல்லை. இருட்டான மூலைகளில் கொஞ்சம் பிசிறு தட்டியது. ஆனால் முகம் அவள் முகமாக வந்தது.

"காத்துல நிக்காது" என்றாள் அனிஷா. இவ்வளவு நாள் தும்பிக்காகப் பேசியவள் அவள்தான்.

"சாயங்காலத்துல கடலாண்ட ஷூட்டுன்னா ஒத்துக்க வேணாம். விடிகாலைல வரச் சொல்லு. அப்ப காத்து ஏது? பொண்ணுங்களுக்கும் வேர்க்காது."

அனிஷாவுக்கு ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. "அன்னிக்கு உங்ககிட்ட நேரா சொல்லியிருக்கணும்க்கா."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்னு நெனைக்கிறியா?" என்றாள் ரமாபாய். "எனக்கே தெரியல. வுடு."

தும்பியை வாங்கினார்கள். காக்கா தாவூதின் கடைக்குத் திரும்பிப் போனது.

ரமாபாய் மறுபடி வேலைக்கு வந்த முதல் கல்யாணம் ஆவணியில், மீஞ்சூர் பக்கத்தில், பெரிய திறந்த மைதானம் உள்ள ஒரு மண்டபத்தில் நடந்தது. புளியந்தோப்புக் குடும்பம், பௌத்த முறைக் கல்யாணம். மணமக்கள் வெள்ளை உடுத்தி, பஞ்சசீலம் சொல்லி மாலை மாற்றிக்கொண்டார்கள். அனிஷா கேமராவோடு கூட்டத்துக்குள் இருந்தாள். இடித்துப் புக அவளுக்கு இன்னும் கூச்சம். மணமகனின் மாமா ஒருவர் முன்னால் வந்து மறைத்தபோது ஒதுங்கச் சொல்லாமல் தவித்தாள். காதுக்குள் இருந்த சின்ன ஒலிபெருக்கியில் ரமாபாயின் குரல் வந்தது.

"முழங்கைய வெச்சுத் தள்ளு. ஒன்னியும் சொல்ல மாட்டாரு."

அனிஷா தள்ளினாள். மாமா நகர்ந்து இடம் கொடுத்து, தலையைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

மைதானத்தின் ஓரத்தில், வேப்பமர நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் ரமாபாய் உட்கார்ந்திருந்தாள். இடது பாதத்துக்கு முக்கால்வாசி பலம் திரும்பியிருந்தது. மிச்சம் வந்தாலும் வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மணமக்கள் மண்டபத்திலிருந்து மைதானத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருநூறு பேர். ரமாபாய் தும்பியை மெதுவாகப் பின்னால் இழுத்து உயர்த்தினாள். இத்தனை வருடங்களில் கூட்டத்துக்கு நடுவில் நின்றுதான் அவள் கல்யாணத்தைப் பார்த்திருக்கிறாள். யார் யாருக்குப் பக்கத்தில் போகிறார்கள், யார் தனியாகப் பின்தங்குகிறார்கள் என்பதெல்லாம் மேலேயிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

மணப்பெண்ணின் அம்மா கடைசியாக, கையில் தண்ணீர்ச் செம்போடு, யாரும் பார்க்காத இடத்தில் கண்ணைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தாள். ரமாபாய் மணமக்களை விட்டுவிட்டு அந்த அம்மாளைத் திரையின் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரும் முன்னால போறாங்க. எங்க காட்டுறீங்க?" என்று தும்பி திரும்புவதைப் பார்த்த அனிஷா காதுக்கருவியில் கேட்டாள்.

"அவுங்கள நீ கீழருந்து எடுத்துகினு கீற இல்ல? எடு" என்றாள் ரமாபாய். "நான் இவங்க கூடப் போறேன்."